ராமானுஜனுக்கே திருப்பி அனுப்பினார்கள்!

செஞ்சியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் விழுப்புரம். 1910-ன் கடைசியில், அந்த விழுப்புரம் ஜங்ஷனில் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் ரயில் மாறி திருக்கோவிலூர் போனார். வயது 22. பட்டம் இல்லை, வேலை இல்லை. கையில் கணக்கு நோட்டு மட்டும். பெயர், ராமானுஜன்.

செஞ்சியும் திருக்கோவிலூரும் அப்போது ஒரே தென்னாற்காடு மாவட்டம். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவரிடம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை கேட்கத்தான் ராமானுஜன் போனார். நோட்டைப் புரட்டிய ஐயருக்கு, இந்தப் பையனைக் குமாஸ்தா ஆக்க மனம் வரவில்லை. சிபாரிசுக் கடிதம் கொடுத்து சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த ஆண்டே கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. பெர்னோலி எண்கள் பற்றி 17 பக்கம். ஆனால், எழுதிக் கொடுத்ததும் அச்சேறிவிடவில்லை. ஆசிரியர் எம்.டி.நாராயண ஐயங்கார் அதைப் பலமுறை திருப்பி அனுப்பினார். விடை இருக்கிறது, வழி எங்கே? சாதாரண வாசகர் பின்தொடர முடியாதபடி இருந்தது எழுத்து. மேதைதான், அதற்காகப் படிக்கிறவர் தவிக்க வேண்டுமா? ராமானுஜனும் முறுக்கிக்கொள்ளாமல் திருத்தி எழுதினார். ஐயங்கார் எவ்வளவு உழைத்தாலும், கட்டுரையில் பெயர் ராமானுஜனுடையது மட்டும்தான்.

இன்றைய ஆய்வு மாணவரின் செல்போனுக்கு வேறு மாதிரி மெசேஜ் வருகிறது. ‘பணம் கட்டுங்கள், ஒரே வாரத்தில் கட்டுரை வெளியாகும்.’ திருப்பி அனுப்புகிற ஐயங்கார் அங்கே இல்லை. அதுதான் ஆபத்து. தவறைச் சுட்டிக்காட்ட ஆளில்லாமல் அச்சேறிய கட்டுரைக்குக் கடைசிவரை பதில் சொல்ல வேண்டியவர் எழுதியவர்தான். மரியாதைக்காகப் பெயர் சேர்க்கப்பட்ட பெரியவரும் அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

அடுத்தவர் எழுத்தை எடுத்தால்? யு.ஜி.சி.யின் 2018 விதிகள்படி, ஆய்வேட்டில் 10 சதவிகிதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து.

உரிமை விஷயத்தில் பலரும் கோட்டைவிடுவது, கடைசியில் கையெழுத்துக்கு வரும் படிவத்தில். பல இதழ்கள் பதிப்புரிமையை எழுதி வாங்கிக்கொள்கின்றன. பிறகு, தான் வரைந்த படத்தைத் தன் புத்தகத்தில் போடவே அனுமதி கேட்க வேண்டி வரலாம். படித்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள். ஆனால், பதிப்புரிமையைக் கொடுத்த பிறகும் ‘இதை எழுதியவர் நான்’ என்று சொல்லும் உரிமை போகாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது.

அந்த உரிமையை மறந்துபோன ஒருவருக்கு அதைத் தேடிக் கொடுத்தவரும் ராமானுஜன்தான். இந்தியாவில் இருந்தபோதே அவர் இரண்டு அழகான சமன்பாடுகளைக் கண்டுபிடித்திருந்தார். நிரூபணம் மட்டும் பிடிபடவில்லை. கேம்பிரிட்ஜில் ஹார்டிக்கும் தெரியவில்லை. 1917-ல் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த ராமானுஜன் திகைத்துப்போனார். அதே சமன்பாடுகள், நிரூபணத்தோடு, 1894-லேயே அச்சாகியிருந்தன! எழுதியவர் எல்.ஜே.ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர். 23 வருடமாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ராமானுஜன் அதை மூடி வைக்கவில்லை. ஆச்சர்யத்தோடு எல்லோரிடமும் சொன்னார். ரோஜர்ஸோடு கடிதப் போக்குவரத்து தொடங்கியது. 1919-ல் இருவரின் புதிய நிரூபணங்களும் கேம்பிரிட்ஜ் இதழ் ஒன்றில் சேர்ந்து வெளியாயின. அடுத்த ஆண்டு ராமானுஜன் மறைந்தார். 1924-ல், 62 வயதில், ரோஜர்ஸ் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். கணிதப் புத்தகங்களில் அந்தச் சமன்பாடுகளின் பெயர் இன்றும் ‘ரோஜர்ஸ் - ராமானுஜன்’. ரோஜர்ஸ் பெயர்தான் முதலில்.