கண்ணாடியில் வார்த்த தரை

வீட்டுக்கு ஒரு தனிப் பாணி வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் சுவரில்தான் தொடங்குகிறார்கள். பெயின்ட், திரைச்சீலை, தொங்கும் விளக்கு, மாட்டும் படம் எனக் கண்ணுக்கு நேரே நிற்பவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன. இவற்றைப் பிடிக்காவிட்டால் இரண்டே நாளில் மாற்றிவிடலாம். தரையை அப்படி மாற்ற முடியாது. கட்டிலும் பீரோவும் அதன்மேல் நிற்கின்றன. சன்னல் வழியே வரும் வெளிச்சம் அதில் பட்டுத்தான் அறைக்குள் பரவுகிறது. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் உடம்பும் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளும் அதுதான். ஒரு பாணி வீட்டுக்குள் ஊன்றி நிற்க வேண்டுமானால், அது தரையிலிருந்து எழ வேண்டும்.

செட்டிநாட்டுப் பாணியில் வீடு அமைக்க விரும்புகிறவர்கள் ஆத்தங்குடிக் கல்லைத் தேடிப் போவது இதனால்தான். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூவும் கட்டமும் நிறைந்த அந்தத் தரை, பார்த்தவுடனே மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதே கோலத்தை அச்சடித்த மெஷின் டைல்ஸும் கடைகளில் கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, கல் உருவாகும் முறையில் இருக்கிறது. அந்த முறையை அறிந்துகொண்டால், அதை வீட்டில் எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, எப்படிப் பேணுவது என்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

கடல் கடந்து வந்த தொழில்

ஆத்தங்குடி, சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிப் பக்கத்து ஊர். பர்மா, இலங்கை, மலேயா என்று வணிகம் செய்த நகரத்தார், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை இந்த வட்டாரத்து ஊர்களில் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளைக் கட்டினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பூ வேலை செய்த பீங்கான் ஓடுகள் வந்தன. இந்தக் கட்டடக் கலையின் அருமை கருதி, செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு மாற்றம் நடந்தது. 1824இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சில பத்தாண்டுகளில் தெற்கு பிரான்சிலும் ஸ்பெயினின் கட்டலோனியாவிலும், வண்ணச் சிமெண்டை அச்சில் ஊற்றி, பிரஸ்ஸில் அழுத்தி, சூளை இல்லாமலேயே தரைக்கல் செய்யத் தொடங்கினார்கள். மொராக்கோ, கியூபா, வியட்நாம் எங்கும் அந்தத் தொழில் பரவியது. பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் அந்தோனி கவுடி வடிவமைத்த அறுகோணக் கல்லும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

ஆத்தங்குடிக் கல்லும் இதே குடும்பம். ஆனால் ஐரோப்பியப் பட்டறையின் இதயமான பிரஸ் இங்கே கிடையாது. அந்த இடத்தில் இருப்பது ஒரு துண்டுக் கண்ணாடி. இந்த ஒரு மாற்றம்தான் ஆத்தங்குடிக் கல்லைத் தனியாக நிறுத்துகிறது.

தலைகீழாக ஒரு வார்ப்பு

பட்டறையில் கல் முகம் கவிழ்ந்து பிறக்கிறது. கல்லின் அளவுக்கு வெட்டிய கண்ணாடியைத் துடைத்துத் தரையில் வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்துகிறார்கள். சட்டத்துக்குள் பூவின் கோடுகளாக வளைத்த உலோகத் தகட்டு அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம். சிமெண்ட், மணல், ஆக்சைடு பொடி, தண்ணீர் சேர்ந்த கூழைக் கரண்டியால் மொண்டு, அந்தந்த அறையில் ஊற்றுகிறார்கள். இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, மூலைக்கு மஞ்சள். பிறகு அச்சை நேர்மேலாகத் தூக்குகிறார்கள். கை ஒருபக்கம் சாய்ந்தால் கோடு கலைந்துவிடும். நீர் அதிகமானால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். எத்தனை கெட்டியில் கூழ் நிற்கும், எத்தனை கெட்டியில் பரவும் என்பது தொழிலாளியின் கைக்குத்தான் தெரியும்.

அடுத்து, நிறத்தின் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். ஈரக்கூழின் மிகுதி நீரை அது உறிஞ்சிக்கொள்வதால் கோலம் அசையாமல் இறுகுகிறது. அதன்மேல் சாதாரணச் சாந்தை நிரப்பி, கரண்டியால் அழுத்தி மட்டம் செய்கிறார்கள். இதுவே கல்லின் அடிப்பகுதி. மூன்று அடுக்கிலும் இருப்பது சிமெண்ட்தான் என்பதால், இறுகும்போது அவை ஒரே கட்டியாகிவிடுகின்றன. நிறம் உரிந்து வராததற்கு இதுதான் காரணம்.

ஓரளவு இறுகியதும் கண்ணாடியோடு சேர்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறார்கள். சில நாள் ஊறிய பின் வெளியே எடுத்து உலர்த்தினால், கண்ணாடி தனியே கழன்று வரும். அதுவரை யாரும் பார்த்திராத கோலம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

மினுக்கம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கல்லுக்கு மெருகுப் பூச்சு கிடையாது. இயந்திரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் இல்லை. சிமெண்டின் துகள் மிக நுண்ணியது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவு அல்லது அதற்கும் குறைவு. அத்தகைய கூழ் எந்தப் பரப்பின்மேல் இறுகினாலும் அந்தப் பரப்பை அப்படியே நகலெடுக்கும். பலகையில் வார்த்தால் மரத்தின் ரேகை பதியும். கண்ணாடியில் வார்த்தால் கண்ணாடியின் வழவழப்பு பதியும். மேடு பள்ளம் இல்லாத பரப்பில் பட்ட ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது, அதுவே மினுக்கம். கண்ணாடியில் ஒரு கீறலோ தூசியோ இருந்தால் அதுவும் கல்லின் முகத்தில் ஏறிவிடும்.

தண்ணீர்த் தொட்டி எதற்கு? சிமெண்ட் காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. நீர் சேர்ந்ததும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பொருள் வளர்ந்து, துகள்களுக்கு இடையே பின்னிக்கொள்கிறது. வலிமை தருவது அந்தப் பின்னல்தான். நீர் முன்கூட்டியே வற்றினால் வினை பாதியில் நின்று, கல் பொருபொருவென்று ஆகிவிடும். நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதைத்தான் கொத்தனார்கள் க்யூரிங் என்கிறார்கள். வினை வாரக்கணக்கில் நடக்கிறது. கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் அளப்பது இதை வைத்துத்தான். முழுதும் இறுகுமுன் அவசரத்துக்கு வாங்கிய கல் பின்னாளில் தொல்லை தரும்.

சூளை இல்லாத தொழில் என்ற பெருமையையும் அளவோடுதான் சொல்ல வேண்டும். மெஷின் டைல்ஸைச் சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். ஆத்தங்குடிப் பட்டறையில் நெருப்பே இல்லை. ஆனால் அங்கே பயன்படும் சிமெண்ட், ஆலையில் 1,450 டிகிரியில் வெந்துதான் வருகிறது. பட்டறை மிச்சப்படுத்துவது இரண்டாம் முறை சுடும் எரிபொருளை.

ஏன் சிவப்பு, ஏன் மஞ்சள்?

செட்டிநாட்டுத் தரையில் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் மேலோங்கி நிற்பதற்கு அழகுணர்வோடு வேதியியலும் காரணம். சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது. சாதாரணச் சாயங்கள் அதில் வெளிறிவிடும். இரும்பு ஆக்சைடுகள் காரத்துக்கும் வெயிலுக்கும் அசையாதவை. அவை தரும் நிறங்கள் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு இருக்கிறது. நீலம்தான் கடினம். பிரஷ்யன் நீலம் போன்ற பழைய நீலங்கள் சிமெண்டில் அழிந்துவிடும். தாங்கக்கூடிய கோபால்ட் நீலத்தின் விலை மிக அதிகம். ஒரு வட்டாரத்தின் நிறத்தேர்வு இப்படிப் பொருளின் இயல்போடு பின்னிக் கிடக்கிறது. நீலத்தை மையமாக வைத்து ஆர்டர் தருபவர்கள், எந்த நிறமி சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

நிறம் மேலே தீட்டியதாக இல்லாமல் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருப்பதால், பல்லாண்டு நடந்து தேய்ந்தாலும் பூ அழிவதில்லை. அச்சடித்த டைல்ஸில் கோலம் மேற்பரப்பின் மெல்லிய படலத்தில் மட்டுமே இருக்கும். அது பெயர்ந்தால் அடியில் வெறும் களிமண் நிறம்தான்.

வெயில் காலத்தில் இந்தத் தரை காலுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றுவதற்கும் விளக்கம் உண்டு. அறையும் தரையும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், கனமான சிமெண்ட் நம் பாதத்தின் வெப்பத்தை மரத்தைவிட வேகமாக ஈர்த்துக்கொள்கிறது. வெப்பம் வெளியேறும் அந்த வேகத்தையே நாம் குளிர்ச்சி என்று உணர்கிறோம்.

உங்கள் வீட்டுக்கு எப்படி?

பழைய செட்டிநாட்டு வீடுகள் இங்கே நல்ல ஆசிரியர்கள். முகப்பு, வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பயன் இருந்தது. தரையும் அதற்கேற்ப மாறியது. விருந்தினர் அமரும் இடத்தில் பூ நிறைந்திருக்கும். வேலை நடக்கும் பின்கட்டு எளிமையாக இருக்கும். சுவர்கள் சுண்ணாம்பு மெருகில் வெண்மையாக நின்று, நிறத்தைத் தரைக்கும் தூணுக்கும் விட்டுக்கொடுத்தன.

இன்றைய இரண்டு படுக்கையறை வீட்டிலும் இந்த நெறி பொருந்தும். கூடத்தின் நடுவில் பூக்கல்லை ஒரு ஜமக்காளம் விரித்ததுபோலப் பதித்து, சுற்றிலும் ஒரு பார்டர், அதற்கு வெளியே ஒற்றை நிறக் கல். படுக்கையறைக்கு ஒற்றை நிறமே போதும். பூஜை அறை, வாசல் நடை, ஊஞ்சலுக்குக் கீழே என்று சிறிய இடத்தில் மட்டும் போட்டாலும் வீட்டின் முகம் மாறும். தரை பேசும் அறையில் சுவர் அமைதியாக இருக்கட்டும். தேக்கு நிறம், பித்தளை, கைத்தறித் துணி ஆகியவை இந்த நிறங்களோடு நன்றாக இசையும்.

கணக்கு எளிது. 8 அங்குலச் சதுரக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 225 கல் வேண்டும். வெட்டுக்கும் உடைசலுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். கையால் கலக்கும் நிறம் அடுத்த கலவையில் சற்றே மாறும். கல் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் கனம், ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் எடை. மாடி வீட்டில் பழைய தரைமேல் போடுவதானால், தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். தரை உயர்வதால் கதவின் அடிப்பகுதியையும் அறுக்க வேண்டிவரும்.

பதிப்பும் பராமரிப்பும்

கைவேலைக் கல்லின் கனம் கல்லுக்குக் கல் நூலிழை வேறுபடும். ஆகவே மெல்லிய பசையில் ஒட்டாமல், கலவைப் படுகையில் ஒவ்வொன்றாக ரசமட்டம் பார்த்துப் பதிக்க வேண்டும். இதில் பழகிய கொத்தனாரை அமர்த்துவது கல்லின் விலையைவிட முக்கியம். மெஷின் வைத்துத் தேய்க்கவே கூடாது. கண்ணாடி கொடுத்த முகம் போய்விடும். பெயின்ட், மர வேலை எல்லாம் முடிந்த பிறகு தரையில் கை வையுங்கள்.

பதித்து முடித்ததும் உமியைத் தூவித் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவுவது அந்தப் பக்கத்து வழக்கம். உமியில் சிலிக்கா மிகுதி. அது கீறாமல் அழுக்கை எடுக்கிறது. எண்ணெய் நுண்துளைகளை நிரப்பி, நீரும் கறையும் இறங்காமல் தடுக்கிறது. தொடக்கத்தில் சில இடங்களில் வெண்மை பூத்தால் பதற வேண்டாம். கல்லுக்குள் எஞ்சிய சுண்ணாம்பு வெளியே வந்து காற்றோடு வினைபுரிவதால் வருவது அது. துடைக்கத் துடைக்கக் குறையும்.

இந்தக் கல்லின் பெரும் பகை அமிலம். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், வினிகர், கழிவறை கழுவும் ஆசிட் எதுவும் சிமெண்டை அரித்து மினுக்கத்தைக் கெடுக்கும். சமையல் மேடைக்கும் குளியலறைக்கும் இது வேண்டாம். ஈரத்தில் வழுக்கவும் செய்யும். மற்ற இடங்களில் வெறும் தண்ணீரில் துடைத்தாலே போதும். வெறுங்கால்கள் நடக்க நடக்க மெருகு கூடுவது இந்தத் தரையின் தனிச்சிறப்பு.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கல்லுக்குள் சேரும் முக்கியமான சரக்கு காலம் என்பது விளங்கும். ஒரு தொழிலாளி ஒரு நேரத்தில் ஒரு கல்லைத்தான் வார்க்க முடியும். ஒவ்வொரு கல்லும் ஊறி, உலர்ந்து, வலுப்பட நாள் எடுக்கும். ஆகவே வீட்டு வேலையின் வரிசையை மாற்றுங்கள். கோலத்தையும் நிறத்தையும் முதலிலேயே முடிவுசெய்து, சில மாதங்களுக்கு முன்பே பட்டறைக்கு ஆர்டர் தாருங்கள். சுவரின் நிறத்தையும் திரைச்சீலையையும் அந்தக் கோலத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். அவசரப்படுத்தாத வாடிக்கையாளர் கிடைத்தால்தான் தொழிலாளியால் நல்ல கல் தர முடியும்; அந்தப் பொறுமைக்கு விலை கொடுக்க ஆளிருக்கும்வரைதான் அடுத்த தலைமுறை அச்சைக் கையில் எடுக்கும்.