கறிக்கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக்குக்கு மாற்று

கறிக்கோழி சுமார் 40 நாளில் 2 கிலோ எடையை எட்டிவிடும். இந்த வேகத்துக்குத் துணையாகத் தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலப்பது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகும் என்ற கவலையால், வளர்ச்சிக்காக அதைக் கலப்பதை 1986இல் ஸ்வீடன் தடை செய்தது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குத் தர இந்தியா 2019இல் தடை விதித்தது.

மாற்றுப் பொருள்கள் பெரும்பாலும் கோழியின் குடலில்தான் வேலை செய்கின்றன. புரோபயாடிக் என்பது நன்மை செய்யும் நுண்ணுயிர். அதில் பேசில்லஸ் வகையின் வித்துகள் குச்சித் தீவனம் தயாரிக்கும் சூட்டையும் தாங்கும். ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் சர்க்கரைப் பொருள் செய்வது நல்ல தந்திரம்: குடல்சுவரைப் பிடிக்க வரும் சால்மோனெல்லா கிருமி இதைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. பியூட்ரிக் அமிலம் குடல் செல்களுக்கு உணவாகிறது. வழியிலேயே தீர்ந்துவிடாமல் இருக்க அதற்குக் கொழுப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். ஓம எண்ணெயின் தைமாலும் கிருமிகளை அடக்கும். ஓமத்தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஆனால் இவற்றின் பலன் பண்ணைக்குப் பண்ணை மாறும். தரையில் பரப்பும் ஆழ்கூளத்தின் ஈரம், நெரிசல், அசுத்தத் தண்ணீர் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் இவற்றுக்குச் செலவழிப்பது வீண்.