மழைக்குப் பின் ரொட்டி அடுப்பு

கோவாவில் திறந்தவெளி விறகடுப்பை நம்பி ரொட்டித் தொழில் செய்வோர், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலம் முடிந்ததும் அவசரப்படலாகாது. செங்கல்லும் சாந்தும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடைகிறது. முதல் நாளே பெருந்தீ மூட்டினால், ஆவி வெளியேற வழியின்றி அழுத்தும், அடுப்பின் மேல்வளைவு விரிசல் விடும், செங்கல் பெயரும்.

எனவே முதல் சில நாள்கள் காய்ந்த சுள்ளிகளால் சிறுதீ மட்டும் மூட்டி, வெப்பத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். அடுப்பின் வாயை அடைக்கலாகாது. தார்ப்பாயை இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். காற்றோட்டமுள்ள தகரக் கூரையே நன்று.

தொழிற்கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே கூரைச் செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். அடுப்பு பழுதுற்றால் வருவாய் நிற்கும், தவணை நிற்காது.