சுருட்டுக்குள் மூன்று இலை

புதிதாக வந்த ஒரு சுருட்டை நான்கு பேரிடம் கொடுத்தால், ஒருவர் மிளகுக் காரம் என்பார், இன்னொருவர் காபி வாசம் என்பார். இந்தப் பேச்செல்லாம் உள்ளே இருக்கும் இலைக் கலவையைப் பற்றியதுதான்.

கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்துப் புகையிலையையே எடுத்துக்கொள்வோம். செடியின் உச்சியில் வெயிலை நேராக வாங்கும் இலைக்கு லிஹேரோ என்று பெயர். தடித்தது, காரமானது, நின்று எரிவது. நடு இலை செக்கோ, வாசத்துக்கு. அடி இலை வோலாதோ, சீராகப் பற்றுவதற்கு. சுருட்டுபவர் லிஹேரோவை நட்டநடுவில் வைத்து மற்றவற்றை அதைச் சுற்றி மடிப்பார். அது ஓரமாக ஒதுங்கிவிட்டால் சுருட்டு ஒருபக்கமாக எரியும். அந்தக் கைநேர்த்தி அசாத்தியமானது! மேலே சுற்றும் மெல்லிய இலைக்கென்றே துணிப்பந்தல் போட்டு நிழலில் செடி வளர்க்கிறார்கள்.

நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சுருட்டுப் புகை வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்கும்.

ஹவானா ஆலைகளில் சுவை பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். காரம், மணம், இழுவை, எரியும் விதம் என்று தனித்தனியாக மதிப்பிடுவார்கள். பழகிய ரசிகர்களும் முதல் இழுப்பில் தீர்ப்புச் சொல்வதில்லை. சுருட்டை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கின் ருசியையும் தனியாகப் பேசுவார்கள். பெரும்பாலும் கடைசிப் பங்கில்தான் காரம் ஏறும், கருத்து வேறுபாடும் அங்கேதான் அதிகம்.