திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் காற்றடித்துப் பாருங்கள்

பயணத்துக்கென்று கையடக்கப் பம்பு வாங்குகிறவர்களில் பலர், பெட்டியைப் பிரித்து அதைச் சைக்கிள் ஃபிரேமில் மாட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். அது முதன்முதலாக வேலை செய்ய வேண்டிய இடம், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடையே தென்படாத ஒரு நீளமாக இருக்கலாம். வால்வில் பம்பின் வாய் பொருந்தவில்லை என்பதும், பாதிக் காற்றுக்கு மேல் கைப்பிடி இறங்க மறுக்கிறது என்பதும் அங்கேதான் தெரியவரும். அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டியிருக்கும்; பில்லும் எங்கோ போயிருக்கும். சட்டம் தந்த உரிமை அப்படியேதான் இருக்கும். அதைக் கேட்டு வாங்குவதற்கான ஆதாரம்தான் கையைவிட்டுப் போயிருக்கும்.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு வேலையை வற்புறுத்திச் சொல்கிறேன். வாங்கிய வாரத்திலேயே, உங்கள் சைக்கிளின் டியூபில் இருக்கும் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, ஓட்டுவதற்குத் தேவையான அழுத்தம் வரும்வரை அந்தப் பம்பாலேயே அடித்துப் பாருங்கள். கடைக்காரர் சக்கரத்தில் அடித்துக் காட்டியது கணக்கில் வராது.

முதலில் பார்க்க வேண்டியது வால்வு. நம் ஊரில் சாதாரண சைக்கிள்களில் இன்னமும் டன்லப் வால்வுதான் அதிகம். உள்ளே வால்டியூப் என்ற சிறு ரப்பர் உறை இருக்குமே, அதுதான். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார் பைக்கில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு. வேகமாக ஓட்டும் ரோடு சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்டா வால்வு. பிரெஸ்டாவின் உச்சியில் இருக்கும் சின்ன நட்டைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். இது தெரியாமலேயே பம்பைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. பிரெஸ்டாவுக்கான பம்பு வாய் பெரும்பாலும் டன்லப் வால்வுக்கும் பொருந்திவிடும். 'எல்லா வால்வுக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் உங்கள் வால்வில் மாட்டிப் பார்த்தபிறகே நம்புங்கள்.

பம்பின் வாய் நேரடியாக வால்வில் அமர்கிறதா, நடுவே ஒரு சிறு குழாய் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். நேரடியாக அமர்ந்தால் ஒவ்வொரு அடியிலும் வால்வின் தண்டு அசையும். பிரெஸ்டா தண்டு வளைந்துபோவதும், டியூபோடு சேரும் இடத்தில் கிழிவதும் இதனால்தான். குழாய் வைத்த பம்பு கொஞ்சம் கனம் கூடுதல். ஆனாலும் பயணத்துக்கு அதையே சொல்வேன். ஒரு சிக்கல் அதிலும் உண்டு. திருகி மாட்டும் குழாயைக் கழற்றும்போது வால்வின் உள் உறுப்பும் சேர்ந்து கழன்றுவந்து, அடித்த காற்று முழுதும் போய்விடுவதுண்டு. வீட்டிலேயே சோதித்தால் இதுவும் முன்கூட்டியே தெரியும்.

அடுத்தது அழுத்தம். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கச் சுவரிலேயே பிஎஸ்ஐ, பார், கிலோபாஸ்கல் என்ற அளவுகளில் எழுதியிருக்கும். ஒரு பார் என்றால் ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. டயர் தாங்கும் உச்ச அளவும் ரிம் தாங்கும் உச்ச அளவும் வேறுபட்டால், குறைவானதே உங்கள் வரம்பு. டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத புதுவகை ரிம்களில் 5 பாருக்கு, அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. மீறினால் டயர் ரிம்மை விட்டுத் தெறிக்கும்; ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இங்கேதான் பெட்டியில் இருக்கும் எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். 120 பிஎஸ்ஐ, 160 பிஎஸ்ஐ என்றெல்லாம் கையடக்கப் பம்புகளில் போட்டிருப்பார்கள். கைக்கு எவ்வளவு பாரம் வரும் என்பதை முடிவு செய்வது பம்புக் குழலின் விட்டம். உள்விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால், 100 பிஎஸ்ஐ நெருங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் சுமார் 22 கிலோ பாரத்தை அழுத்த வேண்டும். விட்டம் 30 மில்லிமீட்டர் என்றால் அதுவே 50 கிலோ அளவுக்குப் போகும். சாலையோரம் குந்தியபடி வெறும் கையால் 50 கிலோவைத் திரும்பத் திரும்ப அழுத்த எத்தனை பேரால் முடியும்? ஆகவே மெல்லிய டயரில் அதிக அழுத்தம் வைத்து ஓட்டுகிறவருக்கு ஒல்லியான குழல் வேண்டும். தடித்த டயரில் 30, 40 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறவருக்கு அகலமான குழல் நல்லது. ஒவ்வொரு அடிக்கும் நிறையக் காற்று போகும்.

அடியின் எண்ணிக்கையும் முக்கியம். 20 மில்லிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் நீள அடியும் உள்ள பம்பு, ஒரு தடவைக்குச் சுமார் 47 மில்லிலிட்டர் காற்றைத் தள்ளும். 25 மில்லிமீட்டர் ரோடு டயருக்கு 80 பிஎஸ்ஐ ஏற்ற, கசிவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 115 தடவைக்கு மேல் அடிக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பம்பு என்றால் இன்னும் பல மடங்கு. காலால் மிதித்துப் பிடிக்கத் தகடும், தரையில் ஊன்றி அடிக்கக் கைப்பிடியும் உள்ள சின்ன பம்புகள் கிடைக்கின்றன. உடல் எடையையும் சேர்த்து அழுத்தலாம் என்பதால், தோள் வலி உள்ளவர்களும் வயதானவர்களும் தேட வேண்டியது அதைத்தான்.

பிரெவே என்ற, நேரக் கெடு வைத்த நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டர் போகிறவர்களுக்குப் பம்பின் தேர்வு இன்னும் நெருக்கமான விஷயம். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்; கட்டுப்பாட்டு நிலையங்கள் தவிர வேறெங்கும் உதவி வண்டி வரக் கூடாது. பம்பு கைவிட்டால் அந்த ஓட்டமே முடிந்தது.

இப்போது ஆபத்துகளுக்கு வருவோம். பேட்டரியில் ஓடும் குட்டிப் பம்புகள் பரவலாகிவிட்டன. கை வலிக்காமல் சில நிமிடங்களில் காற்று ஏறிவிடும். காற்றை அமுக்கும்போது சூடு பிறக்கும் என்பது இயற்கை. இந்தச் சிறு இயந்திரங்களில் அந்தச் சூடு போவதற்கு இடமே இல்லை. வாய்ப்பகுதி கையைச் சுடும். டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக் டியூபும் பிளாஸ்டிக் வால்வும் அந்தச் சூட்டில் உருகிவிட வாய்ப்புண்டு. அத்தகைய டியூப் வைத்திருப்பவர்கள் குழாய் இணைப்போடுதான் அடிக்க வேண்டும். ஒரு டயர் நிறைந்ததும் பம்பை ஆறவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. ஐஎஸ் 16046 தரத்தின்கீழ் இந்தியத் தர நிர்ணய அமைவனப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி உப்பினாலோ, பம்பின் கூடு விரிசல் விட்டாலோ அதை மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.

கார்பன் டை ஆக்சைடு அடைத்த சிறு குப்பிகள் நொடியில் டயரை நிரப்பும். வாயு வெளியேறும்போது குப்பி உறைந்துபோகும் அளவுக்குக் குளிரும். வெறுங்கையால் பிடித்தால் தோல் புண்ணாகும். வெயிலில் நிற்கும் காருக்குள் அவற்றைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த வாயு சாதாரணக் காற்றைவிட வேகமாக ரப்பர் வழியே கசிந்துவிடும். ஆகவே வீடு சேர்ந்ததும் அதை இறக்கிவிட்டுப் பம்பால் அடிக்க வேண்டும். குப்பியை மட்டும் நம்பிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது பஞ்சருக்குக் குப்பி இருக்காது.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. காசு கேட்டால் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதலாம். ஆனால் அந்தக் கம்ப்ரஸர் கார் டயருக்கானது. சைக்கிள் டியூபின் கொள்ளளவு மிகச் சிறிது. கண் இமைக்கும் நேரத்தில் அளவு மீறி வெடித்துவிடும். விட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, டயரைத் தொட்டுப் பார்த்தபடி அடிக்கச் சொல்லுங்கள். முகத்தை டயருக்கு நேரே வைக்காதீர்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: கைப்பம்பை செக்-இன் பெட்டியில் வைப்பதே தொல்லை இல்லாதது. பேட்டரிப் பம்பு கைப்பையில் வர வேண்டும். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. இந்தப் பம்புகள் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கும். மில்லி ஆம்பியர்-அவரை 1000 ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: 7.4 வோல்ட், 600 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் 4.44 வாட்-அவர். இந்த எண்கள் பம்பின்மீதே அச்சிட்டிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பேச்சு வளராது. கார்பன் டை ஆக்சைடு குப்பிகளுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி கட்டாயம். அனுமதி கிடைத்தாலும் 50 மில்லிலிட்டர் கொள்ளளவுக்கு மேற்படாத நான்கு குப்பிகள்தான். அந்த அனுமதி கையில் இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சரி, பம்பு சொன்னபடி வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

பெட்டியில் அச்சிட்ட பிஎஸ்ஐ எண்ணும், 'எல்லா வால்வுக்கும்' என்ற வாசகமும் விற்பவர் கொடுத்த வாக்குறுதி. பொய்யான வருணனை, 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம். பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைக் கண்டு தயங்க வேண்டாம். பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அதே சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறைதான். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், இறக்குமதிப் பொருள் என்றால் எந்த நாட்டில் செய்தது, புகார் சொல்ல எண் ஆகியவை இருக்க வேண்டும். இவை ஒன்றுமில்லாத பொட்டலத்தை விலை மலிவு என்று வாங்கினால், பின்னால் யாரிடம் போய்க் கேட்பது?

இணையத்தில் வாங்கியிருந்தால் 2020 ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் துணைக்கு வரும். ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பொருள் பழுதாகவோ, தளத்தில் காட்டியதற்கு மாறாகவோ இருந்தால் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. விளம்பரப் பக்கத்தை வாங்கிய அன்றே படம்பிடித்து வையுங்கள். பின்னால் அந்த வாசகத்தை மாற்றிவிட இடமுண்டு. நான் சொன்ன சோதனையையும் கைப்பேசியில் வீடியோவாக எடுங்கள். பெட்டி, வால்வு, அழுத்தமானி மூன்றும் அதில் தெரிய வேண்டும். டன்லப் வால்வில் வால்டியூபையும் தள்ளிக்கொண்டுதான் காற்று போகிறது. மானி காட்டும் அளவு டயரின் உண்மையான அழுத்தமாக இருக்காது. அந்த வகைச் சைக்கிள் என்றால் டயர் கெட்டியாகிறதா என்பதைக் காட்டினால் போதும்.

கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியே வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும் என்பதால் 1915 இலேயே முடித்துக்கொள்ள முதலில் பாருங்கள். பம்பு வெடித்தோ பேட்டரி தீப்பிடித்தோ காயம் பட்டால் நிலைமை வேறு. அது பொருள் சார்ந்த பொறுப்பு என்ற பிரிவில் வரும், இழப்பீடு கேட்கலாம். மருத்துவமனைச் சீட்டுகளையும் எரிந்த பம்பையும் தூக்கி எறியாமல் வையுங்கள்.

சைக்கிளில் டீ விற்கிறவர், பார்சல் கொண்டுபோகிறவர் ஆகியோரிடம் 'நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் ஆக மாட்டீர்கள்' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்த வாங்குகிறவரும் நுகர்வோரே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். 1915 இல் தரும் புகார் எண்ணையும் தேதியையும் பில்லின் பின்புறத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால், பில்லும் புகார் விவரமும் ஒரே தாளாக மனுவோடு போய்விடும்.