முதிர்ந்த வளர்ப்பு விலங்கின் மறைவும் ஆயரின் கடமையும்

மேய்ப்பியல் வகுப்புகளில் மரணப் படுக்கையிலிருப்போரைச் சந்தித்தல், துக்க வீட்டில் ஆறுதல் கூறுதல், அடக்க ஆராதனை நடத்துதல் ஆகியவற்றை நாம் விரிவாகக் கற்கிறோம். எனினும் ஊழியத்தின் முதலாண்டிலேயே ஓர் இளம் ஆயரை எதிர்கொள்ளக்கூடிய கேள்வி ஒன்றுக்கு அவ்வகுப்புகளில் இடமில்லை. "ஐயா, பதினாலு வருசமா எங்ககூடக் கிடந்த நாய் இப்போ எந்திரிக்க மாட்டேங்குது. ஒரு ஜெபம் பண்ணுவீங்களா? அதை எங்கே அடக்கம் பண்ணலாம்?" என்பதே அக்கேள்வி.

இதற்கு ஆயர்கள் வழக்கமாக இரண்டு வகையில் மறுமொழி கூறுகின்றனர். சிலர் நகைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகின்றனர். சிலர் கேட்டவரின் மனம் நோகலாகாது என்று மனிதருக்குரிய அடக்க முறைமையையே சுருக்கி வாசித்துவிடுகின்றனர். முன்னது அன்பில் குறைவுபடுகிறது; பின்னது உண்மையில் குறைவுபடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே திருமறைக்கு இசைந்த வழி ஒன்று உண்டு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நம் மண்ணின் நினைவு

வளர்ப்பு விலங்குக்காகத் துக்கங்கொள்வது மேனாட்டாரிடமிருந்து வந்த நாகரிகம் என்று கூறுவோர் உளர். நம் வரலாறு அவ்வாறு கூறவில்லை. தூத்துக்குடிக்கு வடமேற்கே, ஓட்டப்பிடாரத்தை அடுத்துள்ள பாஞ்சாலங்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். அங்குக் கோட்டை எழுந்ததற்கு ஊரார் கூறும் காரணமே ஒரு நாய்க்கதைதான். வேட்டை நாய்களால் விரட்டப்பட்ட முயல் ஒன்று அவ்விடத்திற்கு வந்ததும் திரும்பி நின்று நாய்களையே விரட்டிற்று என்றும், அம்மண்ணின் வீரத்தைக் கண்டு கோட்டை கட்டினர் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1801ஆம் ஆண்டில் கும்பினிப் படை அக்கோட்டையைத் தரைமட்டமாக்கிற்று. இப்பொழுது அங்கு நிற்பது 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையாகும். மண்கோட்டை அழிந்தும் நாயும் முயலும் வரும் கதை அழியவில்லை.

இக்கதை பிறந்த கரிசற்காட்டில் நாய் இன்றும் குடும்பத்தின் அங்கம். கோவில்பட்டி, கழுகுமலைப் பகுதிகளில் 'கன்னி' என்னும் வேட்டை நாயை வளர்க்கின்றனர். மணமகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது என்பர். அடுத்துள்ள விருதுநகர் மாவட்டத்தின் சிப்பிப்பாறை, இராஜபாளையம் ஆகிய ஊர்கள் தங்கள் பெயரையே நாய்களுக்குத் தந்துள்ளன. முயல் வேட்டை சட்டத்தால் தடை செய்யப்பட்டபின் இந்நாய்கள் ஆட்டுக் கிடைக்கும் தோட்டத்திற்கும் வீட்டிற்கும் காவலாய் விளங்குகின்றன.

இறந்த விலங்கை மதித்து நினைவுகூர்வதும் தமிழ் மரபுக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஆநிரையைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த வீரனுடன் அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லெழுத்து அறிவிக்கிறது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்த சமுதாயம் நம்முடையது.

அண்மைக் காலச் சான்று திருநெல்வேலியில் கிடைக்கிறது. நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி மூட்டு நோயால் நெடுநாள் துன்புற்று, 2025 ஜனவரி 12ஆம் நாள் தன் 56ஆம் வயதில் மாண்டது. படுத்தால் எழ இயலாத நிலையில் அது நின்றபடியே உறங்கி வந்தது. அதன் உடலைக் காணத் திரண்ட மக்கள் கண்ணீர் விட்டனர். பின்னர் அது ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அயல் சமயத்தாரின் வழிபாட்டு மரபை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் முதிர்ந்த விலங்கொன்றின் வேதனையை ஓர் ஊரே அறிந்திருந்தது என்பதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

2. திருமறையின் சாட்சி

நீதிமான் தன் விலங்கின் உயிரைக் கருதுகிறான் என்பது ஞானியின் போதனை (நீதிமொழிகள் 12:10). ஓய்வுநாள் கட்டளை கால்நடைகளையும் உட்படுத்துகிறது (யாத்திராகமம் 20:10). வெள்ளத்திற்குப்பின் இறைவன் செய்த உடன்படிக்கை நோவாவின் மக்களோடு மட்டுமன்று, பேழையிலிருந்து புறப்பட்ட ஒவ்வோர் உயிரினத்தோடும் செய்யப்பட்டது (ஆதியாகமம் 9:9-10). நினிவேயின்மீது ஆண்டவர் இரக்கம் கொண்டதற்குக் கூறும் காரணங்களில் அந்நகரின் மிருகங்களும் இடம் பெறுகின்றன (யோனா 4:11).

துக்கத்தில் இருப்போரைச் சந்திக்கச் செல்லும் ஆயர் சிறப்பாக நினைவிற்கொள்ளத் தக்கது நாத்தான் கூறிய உவமை (2 சாமுவேல் 12). ஏழையின் ஆட்டுக்குட்டி அவனுக்கு மகளைப்போல் இருந்தது என்று தீர்க்கதரிசி கூறும்பொழுது, தாவீது அதை மிகைப்பற்று என்று எண்ணவில்லை, கோபத்தால் பொங்கினான். ஏழைக்கு அவ்வுயிர் எத்தகையது என்பதை உணர்ந்ததனாலேயே அரசன் தன் பாவத்தையும் உணர நேர்ந்தது. லாசருவின் உவமையிலும், வாசலில் கிடந்த ஏழையைச் செல்வன் அணுகவில்லை. நாய்களே அணுகின (லூக்கா 16:21).

விலங்குகளுக்கு மறுவாழ்வு உண்டா என்னும் வினாவுக்குத் திருமறை அடக்கமாகவே பேசுகிறது. மனிதனின் ஆவியும் மிருகத்தின் ஆவியும் எங்குச் செல்கின்றன என்பதை யார் அறிவார் என்று பிரசங்கி கேட்கிறான் (பிரசங்கி 3:21). பவுலோ படைப்பு முழுவதும் விடுதலைக்காகத் தவிப்பதாகவும், அழிவின் அடிமைத்தனத்திலிருந்து அது விடுவிக்கப்படும் என்றும் கூறுகிறார் (ரோமர் 8:19-22). இப்பகுதியைக்கொண்டே ஜான் வெஸ்லி 1781ஆம் ஆண்டில் எழுதிய அருளுரையில் விலங்குகளும் மீட்பின் பயனில் பங்குபெறும் என்ற நம்பிக்கையை வெளியிட்டார். நாம் வெஸ்லியின் அளவுக்குச் செல்லவேண்டுமென்பதில்லை. 'உன் நாயை மோட்சத்தில் காண்பாய்' என்று வாக்களிப்பதற்கும், 'மிருகத்திற்கு ஏது மோட்சம்' என்று வாயடைப்பதற்கும் நமக்கு அதிகாரம் இல்லை. 'அதைப் படைத்தவர் அதை மறப்பதில்லை' என்று கூறுவதற்கோ லூக்கா 12:6 நமக்குப் போதிய ஆதாரமாகும்.

3. விடைகொடுக்கும் வேளை

அடக்கத்தைப் பற்றிச் சிந்திப்பதற்கு முன் உயிரோடிருக்கும் விலங்குக்குரிய கடமை வருகிறது. முதிர்ந்து நோயுற்ற நாயைச் சந்தையடியிலோ நெடுஞ்சாலையோரத்திலோ விட்டுவிடும் வழக்கம் நம் சபையாரிடையேயும் உண்டு. பசியாலும் தாகத்தாலும் வருந்த நேரிடும் நிலையில் விலங்கைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டத்திற்கு முன்பே அது நன்றிகெட்ட செயலாகும். 1824ஆம் ஆண்டில் லண்டனில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியபொழுது அதற்கு முன்னின்று உழைத்தவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கக் குருவானவர். சங்கத்தின் கடனுக்காக அவர் சிறையும் சென்றார். ஆகவே இக்கடமை நம் ஊழியத்திற்கு அயலானதன்று.

உண்ணாமை, எழ இயலாமை, இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தல், இடைவிடாத முனகல் ஆகியவை தோன்றினால் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். வலி தணிக்கும் மருந்தும், மெத்தென்ற படுக்கையும், புரட்டிப் படுக்கவைக்கும் கைகளும் பல வேளைகளில் போதுமானவை. தணிக்க முடியாத வேதனையெனில் வலியின்றி உயிர் பிரியச் செய்யலாமா என்று குடும்பத்தார் கேட்பர். மனிதரின் கருணைக் கொலை குறித்த விவாதத்தை இங்கு அப்படியே கொண்டுவருதல் முறையன்று. தன் வேதனைக்குப் பொருள் காணவோ தன் விருப்பத்தைக் கூறவோ இயலாத உயிரின் பொருட்டு, அதன் பொறுப்பை ஏற்றவரே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. மருத்துவரின் கையால் மயக்க மருந்து கொண்டு செய்யப்படும்பொழுது அதைப் பாவம் என நாம் கூறத் துணியோம். நஞ்சு வைப்பதும் அடித்துக் கொல்வதும் முற்றிலும் வேறானவை, அவை கொடுமை.

கண்கள் திறந்தபடியே இருக்கலாம், உடல் சிறிது துடிக்கலாம் என்பதைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே அறிவித்தல் நலம். வெறிநோய் ஐயமிருப்பின் எவரும் அருகே செல்லாமல் மருத்துவருக்கு உடனே தெரிவிக்கவேண்டும். அவ்விலங்கு கடித்தவர்களும் அதன் எச்சில் காயத்தில் பட்டவர்களும் சோப்பினால் நன்கு கழுவித் தாமதமின்றித் தடுப்பூசி பெறவேண்டும்.

4. அடக்க இடம்

ஆபிரகாம் சாராளுக்கென நிலம் தேடியபொழுது விலையைப் பேசிக் கொடுத்து, ஊரார் முன்னிலையில் உறுதி செய்தான் (ஆதியாகமம் 23). இறந்தோருக்கான இடம் பிறருக்கு இடறலாக இருத்தலாகாது என்னும் நெறியை அங்குக் காண்கிறோம். இதை விலங்கின் அடக்கத்திற்கும் பொருத்தலாம்.

சொந்த நிலமே முதன்மையானது. வேம்பின் அடியோ புளியின் அடியோ தோட்டத்து மூலையோ போதும். கிணறு, குளம், ஓடை ஆகியவற்றிற்கு அருகே தோண்டலாகாது. நாய்க்கு நான்கடி ஆழமாவது வேண்டும். கரிசல் மண் கோடையில் ஆழமாக வெடிக்கும் இயல்புடையது; ஆகவே மண்ணை நன்கு மிதித்து மூடி, கல்லடுக்கி, உடைமுள் இட்டு வைத்தால் நரியும் தெருநாயும் தோண்டா. கடற்கரைப் பகுதியில் மணல் எளிதில் சரியும், நீரும் விரைவில் ஊறும். அங்கு மேட்டு நிலத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். உடலைப் பருத்தித் துணியில் சுற்றினால் போதும். பிளாஸ்டிக் பை கூடாது. ஊசி மருந்தால் உயிர் பிரிந்ததாயின் அம்மருந்து உடலில் தங்கி, அதைத் தின்னும் பருந்தையும் பிற விலங்கையும் கொல்லக்கூடும். ஆதலால் அவ்வுடலை ஒருபோதும் வெளியே எறியலாகாது.

சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டால் என் செய்வது? மறுப்பதே முறை என்று கருதுகிறோம். விலங்கு இழிவானது என்பதனாலன்று. திருமுழுக்குப் பெற்றோர் உயிர்த்தெழுதலை நோக்கிக் காத்திருக்கும் அடையாளமாக அத்தோட்டம் அமைந்திருப்பதனாலேயே அவ்வாறு கூறுகிறோம். எனினும் மறுப்பதோடு நிறுத்தலாகாது. துறைமுக நகரில் வாடகை வீட்டில் வாழும் தொழிலாளிக்குத் தோண்ட ஓரடி நிலமும் இல்லை. சபைகளுக்கோ தோப்புகளும் தரிசுகளும் உள்ளன. ஊராட்சியின் அல்லது மாநகராட்சியின் இசைவோடு அவற்றில் ஒரு மூலையை இதற்கென ஒதுக்குதல் பெரிய செலவன்று.

இங்கு நாம் கூறாமல் விடலாகாத செய்தி ஒன்று உண்டு. செத்த விலங்கை அப்புறப்படுத்தும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகத் தலித் மக்கள்மேல் சுமத்தி, அவ்வேலையைக் காட்டியே அவர்களைத் தீட்டு என்று ஒதுக்கிய சமுதாயம் நம்முடையது. ஆகவே அன்பாக வளர்த்த நாய் இறந்ததும், 'யாரையாவது கூப்பிட்டு இழுத்துப் போடச் சொல்' என்று கூறுவோமாயின், அந்த அன்பு ஐயத்திற்குரியது. வளர்த்த கையே குழி தோண்டட்டும். முதுமையாலோ நோயாலோ இயலாதவருக்கு ஆயரும் வாலிபர் சங்கத்தாரும் மண்வெட்டி எடுத்துச் செல்லட்டும். மேலும், மனிதர்க்கான கல்லறையிலேயே சாதிக்கொரு பகுதியும் சாதிக்கொரு பாதையும் வைத்திருக்கும் சபை, விலங்குக்கு இடம் ஒதுக்கி இரக்கம் காட்டுவது நகைப்புக்கே இடமாகும். அச்சபை முதலில் அந்தச் சுவரை இடிக்கட்டும்.

5. ஆயர் செய்யத்தக்கவை

முதலாவது, செல்லுதல். பிள்ளைகள் வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்க, ஊரில் தனித்து வாழும் முதியோர் நம் சபைகளில் பலர். அவர்களிடம் நாள்தோறும் பேச்சுக் கேட்ட உயிர் அந்த நாய் ஒன்றாகவே இருந்திருக்கலாம். கணவனோ மனைவியோ கையால் சோறிட்ட கடைசி நினைவும் அதனோடு போய்விடலாம். நாய்க்காக அழுவதாகத் தோன்றும் கண்ணீரில் பழைய மரணங்களுக்கான கண்ணீரும் கலந்திருக்கும். அதைக் கேட்டறிய ஆயருக்குப் பொறுமை வேண்டும்.

இரண்டாவது, ஜெபித்தல். அடக்க முறைமையை வாசிக்கவேண்டாம். 104ஆம் சங்கீதத்தின் ஒரு பகுதியை வாசித்து, அவ்வுயிரைத் தந்ததற்கு நன்றி கூறி, அதனிடம் காட்டிய கடுமைக்கு மன்னிப்புக் கேட்டு, படைத்தவர் கையில் அதை ஒப்புவித்து, துக்கப்படுவோருக்காக வேண்டுதல் செய்யலாம். ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாவது, பிள்ளைகளிடம் உண்மை பேசுதல். 'நாய் ஓடிப்போய்விட்டது' என்று கூறினால் குழந்தை நாள்தோறும் வாசலில் காத்திருக்கும். 'செத்துவிட்டது, இனி வராது, இங்கே புதைத்திருக்கிறோம்' என்று கூறி, ஒரு பிடி மண்ணை அதன் கையாலும் இடச் செய்வது நன்று. பல குழந்தைகள் மரணத்தை முதன்முதலில் காண்பது இவ்வாறே. அன்று ஆயர் பொய்யின்றிப் பேசினால், பின்னொரு நாள் தாத்தாவின் கல்லறையருகே அவர் உயிர்த்தெழுதலைப்பற்றிக் கூறும்பொழுது அக்குழந்தை அவரை நம்பும்.