ஆட்டுப்பாற்கட்டியும் பால் ஒவ்வாத வயிறும்

பசுப்பால் அருந்தினால் வயிறு பொருமுகிறது, இரைகிறது, சில வேளைகளிற் கழிந்தும்விடுகிறது என்று முறையிடுவோர் எல்லா ஊர்களிலும் உளர். அவர்களுக்கு அண்டை அயலார் கூறும் வழி பெரும்பாலும் ஒன்றே: பசுவை விட்டு ஆட்டை நாடுங்கள் என்பர். அதனைக் கேட்டு ஆட்டுப்பால் அருந்தியவர் மீண்டும் அதே தொல்லைக்கு ஆளாவதுண்டு. ஆனால் அதே ஆட்டுப்பாலிற் செய்த பாற்கட்டியை, அதாவது சீஸை, உண்டு யாதொரு துன்பமுமின்றி இருப்பதும் உண்டு. விலங்கும் ஒன்று, வயிறும் ஒன்று. அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

விடையைப் பாலின் இனிப்பிலே தேடவேண்டும். பாலுக்கு இயல்பாயுள்ள மெல்லிய இனிப்பு, பால்வெல்லம் என்னும் பொருளால் வருவது. ஆங்கிலத்தில் இதனை லக்டோஸ் என்பர். இரண்டு எளிய வெல்லங்கள் இணைந்து ஆனது இது; இணைந்த நிலையிலே குடல் இதனை உறிஞ்சாது. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள லக்டேஸ் என்னும் நொதியம் அவ்விணைப்பை வெட்டிய பின்னரே இது குருதியிற் கலக்கும். நொதியம் குறைந்தவரிடத்திலோ வெல்லம் வெட்டுப்படாமலே பெருங்குடலைச் சென்றடைகிறது. தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. அங்கு வாழும் பற்றீரியாக்களுக்கு அது எதிர்பாராத விருந்து. அவை அதனைப் புளிக்கச் செய்து வாயுவை எழுப்புகின்றன. பொருமலும் இரைச்சலும் கழிச்சலும் அவ்விருந்தின் பயன்களே. அவ்வாயுவின் ஒரு கூறாகிய ஐதரசன் குருதிவழியே நுரையீரலை அடைந்து மூச்சுடன் வெளிவருவதால், மூச்சை அளந்தே மருத்துவர் இந்நிலையைக் கண்டறிகின்றனர்.

இதனை நோய் என்பது முற்றும் பொருந்தாது. தாய்ப்பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 7 கிராம் பால்வெல்லம் உண்டு. ஆதலால் கைக்குழந்தையின் குடலில் நொதியம் நிறைந்திருக்கும். பால்குடி மறந்தபின் அது படிப்படியாகக் குறைவதே பாலூட்டிகளின் பொது வழக்கம். உலகில் வளர்ந்த மனிதருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இவ்வழக்கத்துக்கு உட்பட்டவரே. மேலைநாட்டு மருத்துவம் நெடுங்காலம் இதனை உணரவில்லை. வட ஐரோப்பியரின் வயிற்றைக் கொண்டு மனிதகுலத்தின் வயிற்றை அளந்தது. 1966இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரத்து ஆய்வாளர் இருவர், வெள்ளையரினும் கறுப்பின மக்களிடத்தில் நொதியக் குறைவு மிகுதியாக இருப்பதை எடுத்துக்காட்டிய பின்னரே அக்கருத்து ஆட்டங்கண்டது. 2002இல் பின்லாந்து நாட்டு ஆய்வாளர்கள், முதுமைவரை நொதியம் வற்றாதிருக்கச் செய்யும் ஒரு சிறு பரம்பரையலகு மாற்றத்தைக் கண்டறிந்தனர். கால்நடை வளர்ப்புத் தொடங்கிய பின்னர் மக்களிடையே பரவிய மாற்றம் அது. இந்தியாவிலும் அம்மாற்றம் வடமேற்கில் மிகுந்தும், தெற்கிலும் கிழக்கிலும் அருகியும் காணப்படுகிறது.

இனி ஆட்டுக்கு வருவோம். பசுப்பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 4.7 கிராம் பால்வெல்லம் உண்டு. ஆட்டுப்பாலில் அது 4.3 கிராம் அளவினது. ஒரு குவளைக்கு ஒரு கிராம் வேறுபாடுகூட இல்லை. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் சிறியவை; இரைப்பையில் அது மென்மையாகத் திரையும். ஆதலால் அது இலேசானது என்று சிலர் உணர்வது வெறுங்கற்பனையன்று. ஆயினும் அந்த மென்மைக்கும் வெல்லத்துக்கும் தொடர்பில்லை.

பாற்கட்டியின் கதை வேறு. பிரான்சு நாட்டில் லுவார் ஆறு பாயும் நிலப்பகுதி ஆட்டுப்பாற்கட்டிக்குப் பெயர்போனது. அங்கு செந்த் மோர் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் கட்டி 1990 முதல் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. (காதில் விழும் அந்த 'மோர்' ஒரு புனிதையின் பெயர், தமிழ் மோருக்கும் அதற்கும் உறவில்லை.) நீண்ட உருளை வடிவம், மேலே சாம்பற் பூச்சு, நடுவே ஊடுருவி நிற்கும் ஒரு வைக்கோற்றாள் ஆகியன அதன் அடையாளங்கள். ஏறத்தாழ 250 கிராம் எடையுள்ள ஒரு கட்டிக்கு இரண்டு லீற்றர் பால் வேண்டும். அந்த இரண்டு லீற்றரில் 80 கிராமுக்கு மேற்பட்ட பால்வெல்லம் இருந்தது. அது எங்கே போயிற்று?

செய்முறையைக் கவனித்தால் விளங்கும். பாலிலே புளிப்பூட்டும் பற்றீரியாக்களையும், திரையச் செய்யும் பொருளிற் சில துளிகளையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு நாள் அசையாது வைப்பர். அதற்குள் வெல்லத்தின் ஒரு பகுதி லக்டிக் அமிலமாக மாறிவிடும். பின்னர் உறைந்ததை அகப்பையால் அள்ளித் துளையுள்ள அச்சுக்களில் இட்டு வடியவிடுவர். பால்வெல்லம் நீரிற் கரைந்து நிற்பது. ஆதலால் வடியும் நீரோடு அதன் பெரும்பகுதி போய்விடுகிறது. உப்பும் சாம்பலும் இட்டுக் குறைந்தது பத்து நாள் குளிர்ந்த அறையிற் பதப்படுத்தும்போது, எஞ்சியதையும் நுண்ணுயிர்கள் உண்டு தீர்க்கின்றன. அன்று வடித்த புதுக்கட்டியிலே சிறிது வெல்லம் நிற்கும். முதிர முதிர அது மறையும். மாதக்கணக்கில் முதிர்ந்த பசுப்பாற்கட்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆகவே வயிற்றைக் காத்தது ஆடன்று, அச்சிலிருந்த துளைகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் ஆகும்.

இதற்கு நோர்வே நாட்டிலே நல்ல எதிர்ச்சான்று இருக்கிறது. அங்கே வடிந்த நீரை மணிக்கணக்காகக் காய்ச்சிச் சுண்டவைத்துக் கபில நிறமான இனிய கட்டியொன்றைச் செய்வர். ஆட்டுப்பாலிற் செய்த வகையும் அதில் உண்டு. ஆட்டுப்பாற்கட்டி என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் அதன் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டது பால்வெல்லமே. லுவார்க் கட்டியைத் தயக்கமின்றி உண்பவர் பெயரை நம்பி இதனையும் உண்டால் அன்றிரவு உறக்கம் கெடும்.

தயிரில் நீர் வடிக்கப்படுவதில்லை. வெல்லத்தில் ஒரு பகுதியே புளிப்பாகிறது. ஆயினும் அதிலுள்ள உயிருள்ள பற்றீரியாக்கள் தம் நொதியத்தைக் குடலுக்குள் கொண்டுசென்று எஞ்சியதை வெட்ட உதவுகின்றன. பாலைத் தாங்காதவர் தயிரைத் தாங்குவது இதனாலேயே. மேலும், நொதியம் குறைந்தவருட் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் பால்வெல்லம் வரை பெருந்தொல்லையின்றி ஏற்பர் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் அறிஞர் குழு 2010இற் கருத்துத் தெரிவித்தது. அது ஏறத்தாழ ஒரு பெரிய குவளைப் பால். அச்சத்தால் பாலுணவு அனைத்தையும் ஒதுக்குவோர் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தையும் வீணே இழக்கின்றனர்.

எச்சரிக்கை வேண்டிய இடம் வேறொன்றுண்டு. சில குழந்தைகளுக்குப் பாலின் வெல்லமன்று, அதன் புரதமே பகை. பால் பட்டதும் தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சுத் திணறும். இது உயிருக்கு ஊறு செய்யக்கூடிய ஒவ்வாமை. பசுவின் புரதமும் ஆட்டின் புரதமும் பெரிதும் ஒத்திருப்பதால், அத்தகைய குழந்தைகளிற் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் நஞ்சாகும். பாற்கட்டி அவர்களுக்குப் புகலிடமன்று. வெல்லம் நீரோடு வடிந்துபோனாலும் புரதத்தின் பெரும்பகுதி அச்சிலேயே தங்கிவிடுகிறது. நீர் குறையக் குறைய அது செறிந்துகொண்டே போகிறது.